அப்பாவின் பழைய ஸ்டீல் கிதாருக்கு எந்த ஆம்ப் வாங்கலாம்? (வேலூர்)

சத்துவாச்சாரிக்காரி:

வணக்கம். ஆறு மாசமா இங்க படிச்சிட்டு மட்டும் போறவ, எழுதறது இதுதான் முதல் தடவை. எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்கு எடுத்திருக்கேன், அதனால நம்பர்ல சொன்னா புரிஞ்சுக்குவேன்.

அப்பா போன வருஷம் 88 வயசுல தவறினார். அவரோட ஹவாயன் கிதார் இப்ப என்கிட்ட. மடியில படுக்க வைச்சு, இடது கையில இரும்புக் கட்டையைத் தேய்ச்சு வாசிக்கிற எலக்ட்ரிக் கிதார். அப்பா இங்க ஒரு ஆஸ்பத்திரியில ஸ்டோர் கீப்பர். 1962-ல ஊருக்குத் திரும்பின அமெரிக்க டாக்டர் ஒருத்தர், "கப்பல்ல ஏத்தினா உடைஞ்சிடும், நீயே வைச்சுக்கோ"ன்னு கொடுத்துட்டுப் போனாராம்.

கிதாரைப் பத்தி: மரமே இல்லை. முழுக்கக் கறுப்பு பேக்லைட், பழைய டெலிபோன் மாதிரி பளபளன்னு இருக்கும். சைஸுக்குச் சம்பந்தமில்லாத கனம். ஃப்ரெட் கம்பி கிடையாது, அந்த பேக்லைட்லயே வரப்பு மாதிரி கோடுகள் எழும்பியிருக்கு. மேல பளபளக்கிற உலோகத் தகடுகள். கம்பிகளுக்கு மேல குதிரை லாடம் மாதிரி இரண்டு காந்தம் எதிரெதிரா கவிஞ்சிருக்கு. ஆறு கம்பியும் அந்தக் குகைக்குள்ள புகுந்துதான் போகும். தலையில ரிக்கன்பேக்கர்னு பேர். காந்தத்தோட அகலத்தை ஸ்கேல் வைச்சு அளந்தேன்: 38 மில்லிமீட்டர்.

என் பிரச்சினை இதுதான். வீட்டுல ஆம்ப் (கிதார் சத்தத்தைப் பெருக்குற பெட்டி) கிடையாது. நான் கத்துக்கிட்டதெல்லாம் கடைசி பத்து வருஷத்துல, ஆம்ப் இல்லாம, அப்பா பக்கத்துல காதை வைச்சு உட்கார்ந்து. போன ஈஸ்டருக்கு சர்ச்சுல இருக்கிற கீபோர்டு ஆம்ப்ல சொருகி ஒரு கீர்த்தனை வாசிச்சேன். கம்பளிக்குள்ள தலையை விட்டுப் பாடின மாதிரி இருந்தது. பாட்டு முடிஞ்சதும் பாடகர் குழு அம்மா ஒருத்தங்க வந்து, "சேவியர் மாமா வாசிச்சா"ன்னு... சரி, பேர் வேண்டாம். "உங்க அப்பா வாசிச்சா இப்படி இருக்காதே"ன்னாங்க. அது என் கையோட தப்பா, ஆம்ப் தப்பான்னு கூட எனக்குத் தெரியலை.

டவுன்ல ஒரு கடையில கேட்டேன். கிதாரை வெளியில எடுக்கிறதுக்கு முன்னாடியே 100 வாட் ஆம்ப் ஒண்ணை இழுத்துப் போட்டு, "மேடம், இதுல மெட்டல் சவுண்டு சூப்பரா வரும்"னார் அந்தப் பையன். எனக்கு 58 வயசு. மெட்டல் வருமான்னு நான் கேட்கவே இல்லை.

எனக்கு வேண்டியது: வீட்டு ஹால் (12-க்கு 14 அடி), வருஷத்துக்கு இரண்டு மூணு தடவை சர்ச், கூட 20 பேர் பாடுவாங்க. பட்ஜெட் 40,000 ரூபாய். நியூ ஜெர்சியில இருக்கிற தம்பி, "அந்தக் காலத்து அமெரிக்க ஆம்ப் ஒண்ணு ஏலத்துல வருது, எடுத்துட்டு வரட்டுமா"ன்னு கேட்கிறான்.

எப்படிப்பட்ட சத்தம் வேணும்னு கேட்பீங்க. அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது கரண்டியிலிருந்து நூலா இறங்குமே, அறுந்து போகாம. அப்பா வாசிச்சது அப்படி இருக்கும்.

காட்பாடி கம்பி:

டீச்சர், முதல்ல ஒரு விஷயம். உங்க கை மேல தப்பு இல்லை.

உங்க கிதார்ல இருக்கிறது பேட்டரி இல்லாத காந்த பிக்கப், அதாவது கம்பியோட அதிர்வைக் கரண்டா மாத்துற அந்த லாடக் காந்தப் பகுதி. அது ரொம்ப நாசூக்கு. எதிர்ல இருக்கிற ஆம்ப் அதுகிட்ட இருந்து அதிகம் கரண்ட் இழுக்கக் கூடாது. கிதார் ஆம்ப்போட உள்வாயில் சுமார் 10 லட்சம் ஓம் எதிர்ப்பு இருக்கும், அதாவது 1 மெகா ஓம். கீபோர்டு ஆம்ப்ல லைன் இன்னு போட்டிருக்கிற ஓட்டையில பெரும்பாலும் 10 ஆயிரத்துலருந்து 50 ஆயிரம்தான். கீபோர்டுக்கு அது போதும். காந்த பிக்கப்பை அதுல சொருகினா மேல் ஸ்தாயி மொத்தமும் அமுங்கிடும். உங்க கம்பளி அதுதான். அடுத்த தடவை அவசரத்துக்கு அதே ஆம்ப்ல வாசிக்கணும்னா நடுவுல ஒரு பஃபர் பெடல் அல்லது டிஐ பாக்ஸ் (கிதார்கிட்ட அதிகம் கரண்ட் இழுக்காம சிக்னலை வாங்கி ஆம்ப்புக்குக் கொடுக்கிற சின்னப் பெட்டி) போடுங்க, பாதி சரியாகும்.

அப்புறம் அந்த 38 மில்லிமீட்டர். படிச்சிட்டு எழுந்து உட்கார்ந்துட்டேன். 38-னா ஒன்றரை அங்குலம். ரிக்கன்பேக்கர் மாடல் பி-யில இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தினதுக்குத்தான் ஒன்றரை அங்குலக் காந்தம். யுத்தத்துக்குப் பிறகு ஒன்றேகால் ஆக்கிட்டாங்க, தகடும் வெள்ளை பெயிண்ட் ஆயிடுச்சு. உங்களுது பளபளக்கிற தகடுன்னு வேற சொல்றீங்க. இதே கம்பெனி 1932-ல விற்க ஆரம்பிச்ச அலுமினிய கிதாருக்கு ஃப்ரையிங் பேன்னு பேர். தோசைக்கல்லுக்கு நீளக் கைப்பிடி வைச்ச மாதிரியே இருக்கும். உலகத்துல விற்பனைக்கு வந்த முதல் எலக்ட்ரிக் கிதார் வரிசையில அது இருக்கு. அதுக்கு அடுத்து வந்தது உங்க பேக்லைட். தயவுசெய்து காந்தத்தைக் கழட்டிப் பார்க்காதீங்க, யாரையும் கழட்ட விடாதீங்க.

பேக்லைட்டுக்கு ஒரு குணம் உண்டு: சூடு ஏற ஏற சுருதி நகரும். நம்ம ஊர் மே மாசத்துல முதல் பாட்டுக்கும் மூணாவது பாட்டுக்கும் நடுவுல நிச்சயம் ஒரு தடவை பார்க்கணும். வாசிக்கிறதுக்கு அரை மணி முன்னாடியே பெட்டியிலிருந்து எடுத்து அந்த அறைச் சூட்டுக்குப் பழக விடுங்க. ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம்.

ஆம்ப்னு கேட்டா என் சிபாரிசு: போஸ் கட்டானா 50. ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், ஒரு ஸ்விட்ச்ல அரை வாட் வரைக்கும் குறைக்கலாம், ஹாலுக்கும் ஆச்சு சர்ச்சுக்கும் ஆச்சு. கிளீன்ல வைச்சு டிரெபிளைப் பாதிக்குக் கீழே இறக்குங்க, மத்த பட்டனைத் தொடவே வேண்டாம். இன்னும் சுத்தமான சத்தம் வேணும்னா ரோலண்ட் ஜேசி-22. 30 வாட், இரண்டு ஆறரை அங்குல ஸ்பீக்கர். கண்ணாடி மாதிரி இருக்கும். சில பேருக்கு ரொம்பவே கண்ணாடி. உங்க பாகு அதுல வருமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

ஆம்பூர் பேஸ்:

ஸ்டீல் கிதார்னா ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப் தானே? 85 வாட், இரண்டு 12 அங்குலம். தூக்குறதுக்கு மட்டும் பாடகர் குழுவுல இரண்டு ஆளை இப்பவே பேசி வைச்சுக்குங்க, 29 கிலோ.

குடியாத்தம் டூ டெக்சாஸ்:

ஆம்பூரார் கிண்டலா சொன்னாலும் அதுல விஷயம் இருக்கு. நான் இங்க பெடல் ஸ்டீல் (காலால மிதிச்சு சுருதி மாத்துற ஸ்டீல் கிதார்) கத்துக்கிறேன். ஆறு வருஷமாச்சு, இன்னும் கத்துக்கிறேன்னுதான் சொல்லணும். பெடல் ஸ்டீல்காரங்க எல்லாம் பெரிய ஆம்ப்தான் கேட்பாங்க. பீவி நாஷ்வில் 400-ன்னு ஒண்ணு, 210 வாட், 15 அங்குல ஸ்பீக்கர். சத்தமா வாசிக்கத்தான் அவ்வளவுன்னு நினைக்காதீங்க. கம்பியைத் தட்டும்போது வால்யூம் பெடலைப் பாதியிலதான் வைச்சிருப்போம். ஓசை தேயத் தேய காலை அழுத்திக்கிட்டே வரணும், அப்பதான் அந்த ஸ்வரம் சாகாம நிக்கும். அதுக்கு ஆம்ப்ல எப்பவும் செலவழிக்காத சக்தி மிச்சம் இருக்கணும். சின்ன ஆம்ப்னா தட்டின உடனேயே கரகரன்னு உடைஞ்சிடும்.

ஆனா அக்கா, உங்களுது வேற ஜாதி. அந்த பேக்லைட் வந்த காலத்துல கூட வித்த ஆம்பெல்லாம் சின்ன வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தின கண்ணாடிக் குழாய்) ஆம்ப்தான். அந்த லாடக் காந்தம் கொழுத்த சிக்னல் கொடுக்கும், சின்ன ஆம்ப் அதுல லேசாத் திணறும். அந்தத் திணறல்தான் ருசி. இருபது பேர் பாடுற இடத்துல ஆம்ப்புக்கு முன்னாடி மைக் வைச்சு மைக் செட்ல கொடுத்துட்டா முடிஞ்சது. 210 வாட்டெல்லாம் வேண்டாம்.

தம்பி அமெரிக்காவுலருந்து எடுத்துட்டு வர்ற யோசனையை மட்டும் நிறுத்தி வைங்க. அங்க கரண்ட் 120 வோல்ட். நம்ம 230-ஐப் பாதியாக்கி 115 கொடுத்தா அந்தக் காலத்து ஆம்ப்புக்குப் பொருத்தமாத்தான் இருக்கும், அது பிரச்சினை இல்லை. அங்க 60 ஹெர்ட்ஸ், இங்க 50. 60-க்குன்னு மட்டும் சுத்தின டிரான்ஸ்ஃபார்மர் 50-ல கூடுதலா சூடாகும். வேலூர்ல. மே மாசத்துல. அதை விட மோசம், அந்தக் கால மலிவு ஆம்ப்ல சிலதுக்கு உள்ள மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. 50சி5, 35டபிள்யூ4-ன்னு வால்வு நம்பர் பார்த்தீங்கன்னா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடுங்க. கரண்ட் கம்பம் நேரா உங்க மடிக்கு வரும்.

வால்வு ஆற்காடு:

நான் சொல்றேன், பேரன் டைப் பண்றான். 1969-லருந்து ரேடியோ ரிப்பேர். இப்ப கடை இல்ல, வீட்டுத் திண்ணைதான்.

இன்னாம்மா, இத்தினி பேர் இத்தினி ஆம்ப் சொல்லிட்டாங்க, ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல. வூட்ல ஆம்ப் இல்லன்றீங்க. பாகு மாதிரி சத்தம் வந்துச்சுன்றீங்க. அப்ப உங்க அப்பா ஒயரை எதுலம்மா சொருவுனாரு?

சத்துவாச்சாரிக்காரி:

ஐயா, உங்க கேள்வியைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ரேடியோவுல. ரேடியோவுக்குப் பின்னாடி இரண்டு ஓட்டை இருக்கும், அதுல இரண்டு பின்னை அழுத்துவார். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் செய்தி முடிஞ்சதும். நாங்க அதை ஆம்ப்னு நினைச்சதே இல்லை, ரேடியோ பாடுறதா நினைச்சோம். நான் காலேஜ் சேர்ந்த பிறகு அது வாயை மூடிடுச்சு. அதுக்கப்புறம் அப்பா சும்மா, சத்தமில்லாமத்தான் வாசிச்சார். அதனால எனக்கு ஆம்ப்னு கேட்டதும் அது ஞாபகத்துக்கே வரலை.

ரேடியோ இன்னும் இருக்கு. மரப்பெட்டி, முன்னாடி தங்க நூல் துணி. உள்ளே ஒரு கவர்ல போஸ்ட் ஆபீஸ் முத்திரையோட ரேடியோ லைசென்ஸ் புத்தகம் கூட இருக்கு.

இன்னொண்ணு. அப்பா வாசிக்கும்போது காலுக்குக் கீழ ஒரு மரப்பலகை போட்டுக்குவார், ரப்பர் செருப்பும் போட்டிருப்பார். வீட்டுக்குள்ள, ஜெபப் பாட்டு வாசிக்கும்போது, செருப்பு! அம்மா சாகிற வரைக்கும் அதைச் சொல்லித் திட்டினாங்க. அப்பா பதில் சொன்னதே இல்லை.

அந்த ரேடியோவைச் சரி பண்ணினாலே போதுமா? நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயர் மாத்தி சொருகிப் பார்க்கட்டுமா?

வால்வு ஆற்காடு:

வேணாம்மா. சொருவாதீங்க. யாரையும் கூப்டாதீங்க. (தாத்தா எழுந்து நின்னு சொல்றார். — பேரன்)

பிளக்கைச் சுத்தமா கழட்டி அப்பால வெச்சுட்டு, பின்னாடி அட்டையில நாலு ஸ்குரூ இருக்கும், எடுங்க. ஒண்ணையும் தொடாதீங்க. வால்வு கண்ணாடி மேல நம்பர் எழுதியிருக்கும், அத மட்டும் படிச்சு எழுதுங்க. முதல் எழுத்து ஈ-யா யூ-வான்னு எனக்குத் தெரியணும். அப்புறம் பிளக்கு இரண்டு பின்னுதானே? அதுல எங்கனாச்சும் ஏதாவது குறி போட்டிருக்கா பாருங்க.

சத்துவாச்சாரிக்காரி:

டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நாலு வால்வு. யூசிஎச்81, யூபிஎஃப்89, யூசிஎல்82, யூஒய்85.

பிளக் இரண்டு பின்தான். ஒரு பக்கம் சிவப்பா ஒரு பொட்டு. மை இல்லை, பெயிண்ட். சுவத்துல அந்த சாக்கெட் இருந்த பலகையையும் போய்ப் பார்த்தேன், புதுசு மாத்தியாச்சு. ஆனா பழைய பலகையை அப்பா தூக்கிப் போடலை, பரண் மேல இருக்கு. அதுலயும் ஒரு ஓட்டைக்குப் பக்கத்துல அதே சிவப்புப் பொட்டு.

வால்வு ஆற்காடு:

அப்பிடிதான் இருக்கும்னு நெனச்சேன். உங்க அப்பாவுக்கு எல்லாம் தெரியும்மா.

கேளுங்க. கணக்கு டீச்சர்ன்றீங்க, கணக்காவே சொல்றேன். வால்வு நம்பர் ஈ-ல ஆரம்பிச்சா ஹீட்டருக்கு, அதான் வால்வைச் சூடாக்குற உள்கம்பிக்கு, 6.3 வோல்ட். அதுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேணும், செட்டு கனம், விலை ஜாஸ்தி, ஆனா பத்திரம். யூ-ல ஆரம்பிச்சா எல்லா ஹீட்டரும் சீரியல் செட் லைட்டு மாதிரி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, 100 மில்லி ஆம்பியர் ஓடும். உங்க நாலு வால்வுக்கும் போடுங்க: 19, 19, 50, 38. மொத்தம் 126. கரண்ட் 230. மிச்சம் 104 வோல்ட்ட ஒரு ரெசிஸ்டர் தின்னு சூடாயிகினு கீது. டிரான்ஸ்ஃபார்மர் வேணாம், செட்டு மலிவு. டிசி கரண்ட் இருந்த ஊர்லயும் பாடும். அதனால ஏசி/டிசி செட்டுன்னு பேரு.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால செட்டோட இரும்புச் சட்டம் நேரா மெயின்ஸ்ல ஒரு ஒயரோட ஒட்டிகினு கீது. பிளக்கை ஒரு பக்கமா சொருவுனா அது நியூட்ரல். திருப்பிச் சொருவுனா ஃபேஸ். சட்டம் முழுக்க 230. உங்க அப்பா டெஸ்டர் வெச்சுப் பாத்து, எந்தப் பக்கம் சரியோ அதுக்குப் பொட்டு வெச்சிருக்காரு.

பின்னாடி பிக்கப் ஓட்டை கீதே, அது கிராமபோனுக்கு. சும்மா விட மாட்டாங்க, ஓட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவால ஒரு சின்ன கண்டன்சர் போட்டிருப்பாங்க, கரண்ட் வெளில வராம தடுக்க. புதுசுல சரி. வயசானா அது கசியும். அப்பதான் விரல்ல சுருக்கு சுருக்குன்னும். இன்னும் வயசானா ஷார்ட். இப்ப அதுக்கு அறுவது வயசு.

கிராமபோன்ல ஆளு ஊசிய வெச்சுட்டு அப்பால போயிடுவான். உங்க அப்பா கையில இன்னா கீது? இரும்புக் கட்ட. கட்ட கம்பி மேல. ஒயர்ல வர்ற கரண்ட் நேரா இடது கை, அங்கேந்து நெஞ்சு, கால், சிமெண்ட் தரை. அதுக்குதாம்மா பலகை. அதுக்குதான் செருப்பு. அம்மாகிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே ரேடியோவத் தூக்கி வெளில போட்டிருப்பாங்க. அதான் வாயத் தொறக்கல.

காட்பாடி கம்பி:

ஐயா, எனக்குக் கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு.

டீச்சர், ஒரு சின்ன டெஸ்ட். எதையும் கரண்ட்ல சொருகாம, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில வைச்சு ஒரு முனையை கம்பி மேலயும் இன்னொண்ணை கிதார் ஜாக்கோட வெளி உலோகத்துலயும் வைங்க. பீப்னு கத்தினா கம்பியெல்லாம் எர்த் ஒயரோட சேர்ந்திருக்குன்னு அர்த்தம். கத்தலைன்னாலும் ஜாக், ஒயர் முனை, தகடுன்னு கை படுற இடம் நிறைய இருக்கு. எந்த ஆம்ப் வாங்கினாலும் மூணு பின், வீட்டுல நிஜமான எர்த். அதை முதல்ல பாருங்க.

சத்தத்தைப் பத்தி இப்பதான் எனக்குப் புரியுது. நான் சொன்ன கட்டானா, ஜேசி எதுலயும் அந்தப் பாகு வராது. யூசிஎல்82 ஒத்தை வால்வு வெளியீடு, மூணு வாட் கிடைச்சா அதிகம். ஓரம் வெட்டின மாதிரி உடையாது, தேய்ஞ்சு தேய்ஞ்சு அமுங்கும். ரேடியோ ஸ்பீக்கர்ல மேல் ஓசை எல்லாம் இயல்பாவே மழுங்கிடும். பெட்டி லேசான மரம், பின்னாடி அட்டையில ஓட்டை ஓட்டையா. பெட்டியே கூடப் பாடும். கிதார் ஆம்ப் செய்யறவங்க இதைத் தப்புன்னு நினைச்சு விலக்கினதெல்லாம் அதுல இருக்கு.

காந்தி நகர்ல என் அறையில கட்டானா இருக்கு. ஒரு நாள் கிதாரோட வாங்க, சொருகிக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. காசு கொடுத்து வாங்கிட்டு வருத்தப்பட வேண்டாம்.

குடியாத்தம் டூ டெக்சாஸ்:

அக்கா, ரேடியோவுக்கு முன்னாடி 230-க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு போட்டா? மெயின்ஸோட தொடர்பே அறுந்திடுமே.

வால்வு ஆற்காடு:

தம்பி சரியாதான் சொல்லுது. ஆனா கடையில ஐசொலேஷன்னு கேட்டா ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரத் தூக்கிக் குடுப்பான். ஆட்டோன்னா ஒரே சுத்து, உள்ளயும் வெளியயும் ஒட்டிகினு கீது, பிரயோஜனம் இல்ல. பிரைமரி வேற, செகண்டரி வேறயா சுத்துனதுதான் வேணும். 100 விஏ தாராளம்.

ஆனாலும் நான் அத செய்ய மாட்டேன். செட்டு நாப்பது வருஷம் தூங்கியிருக்குது. ஃபில்டர் கண்டன்சர் எல்லாம் காஞ்சிருக்கும். எல்லாத்தையும் மாத்துனா ரேடியோ பாடும், சரி. ஆனா நாளைக்கு வூட்டுக்கு வர்ற பேரப் பசங்க எவனாவது டிரான்ஸ்ஃபார்மரக் கழட்டிட்டு நேரா சுவத்துல சொருவுனா? பொட்டு எந்தப் பக்கம்னு அவனுக்குத் தெரியுமா?

நான் சொல்றது இது. செட்டோட சட்டத்த அப்படியே வெளில எடுத்து, துணில சுத்தி பீரோவுல வெச்சுடுங்க. அது அப்பாவோடது, ஒரு ஒயர் கூட வெட்ட வேணாம். ஸ்பீக்கரும் பெட்டியும் மட்டும் எனக்குப் போதும். தனியா ஒரு அலுமினியப் பெட்டில சின்ன ஆம்ப் கட்டித் தரேன். முன்னால ஈசிசி83 வால்வு ஒண்ணு, கடைசில ஈஎல்84 ஒண்ணு, ஈஇசட்81 ரெக்டிஃபையர், ஒழுங்கான மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், மூணு பின்னு ஒயர். அஞ்சு வாட் வரும். ரேடியோ ஸ்பீக்கர் பாவம், நாலு தாங்குனா பெரிசு. பாதிக்கு மேல ஏத்தாதீங்க. ஸ்பீக்கர் ஓம் அளந்துட்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போடுவேன். பொருளுக்கு மட்டும் குடுங்க. உங்க 40,000-ல பாதி கூட ஆவாது.

சர்ச்சுக்கு? பெட்டியத் தூக்கிகினு போயி முன்னால ஒரு மைக்க வைங்க.

ஆம்பூர் பேஸ்:

ட்வின் ரிவெர்ப் யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன்.

சத்துவாச்சாரிக்காரி:

பத்து நாள் கழிச்சு எழுதறேன்.

காந்தி நகர் போனேன். கம்பித் தம்பி வீட்டுல நல்லா கவனிச்சாங்க. மீட்டர் பீப்னு கத்தலை, கம்பி தனியாத்தான் இருக்கு. ஆனா ஜாக்குக்குப் பக்கத்துல தகட்டைத் தொட்டா கத்துது. அப்பா வாசிக்கும்போது வலது உள்ளங்கையை எங்கே வைப்பார்னு யோசிச்சுப் பார்த்தேன். அந்தத் தகடு மேலதான்.

அந்த 12 அங்குல ஆம்ப்ல சொருகி, தம்பி சொன்ன மாதிரி டிரெபிளை இறக்கி வாசிச்சோம். கம்பளி போயிடுச்சு. முதல் தடவையா என் கையில என்ன தப்புன்னு எனக்கே கேட்டது: கட்டையை ஸ்வரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திடறேன். அப்பா தாண்டிப் போயிட்டுத் திரும்பி வந்து உட்காருவார். அது ஆம்ப் விஷயமில்லை, அது என் வீட்டுப்பாடம். அப்பா நோட்டுல சுருதி எழுதி வைச்சிருக்கார், தடிச்ச கம்பியிலருந்து: ஈ, ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ. இவ்வளவு நாள் நான் நாலாவதை தப்பா வைச்சிருந்திருக்கேன்.

சத்தம் அழகா இருந்தது. ஆனா பாகு இல்லை, சர்க்கரைப் பாகுன்னு வேணா சொல்லலாம். வெல்லம் இல்லை. தம்பி கோவிச்சுக்கக் கூடாது.

ஆற்காடு ஐயா, நீங்க சொன்னபடியே செய்யலாம். நியூ ஜெர்சி தம்பிகிட்டயும் வேண்டாம்னு சொல்லிட்டேன். ரேடியோ சட்டத்தைக் கழட்ட எனக்குக் கை வரலை, நீங்களே கழட்டுங்க. எப்ப வரட்டும்? பஸ்ல கொண்டு வரலாமா?

வால்வு ஆற்காடு:

சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு வாங்கம்மா. பஸ்ல வரலாம், ஆனா மேல ராக்குல வெச்சுடாதீங்க, மடில வைங்க, ஸ்பீக்கர் துணி மேல கை படாம. வால்வ நாலையும் முன்னாடியே உருவிடாதீங்க, பின்னு வளைஞ்சுடும். மக்கன் பேடா நானே வாங்கி வைக்கிறேன். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கா கண்ல பட்டா ஒரு கிலோ எடுத்துகினு வாங்க, இங்க வர்றதெல்லாம் வாடிப்போயி வருது.

பிளக்க வூட்லயே கழட்டி வெச்சுட்டு வந்தாலும் சரி.

சத்துவாச்சாரிக்காரி:

வரேன் ஐயா. கத்திரிக்காயோட வரேன். பிளக்கை வீட்டுல வைக்கலை, பொட்டோட நீங்களே பார்க்கணும்.

செருப்பும் போட்டுக்கிட்டு வரேன்.